முடிவு வருமட்டும்



மருத்துவமனைச் சிற்றாலயத்தின் வாசற்படியில் ஒரு காலை 55 வயதுள்ள அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரும்படி அழைத்தேன். "ஐயா, தூரம் நின்னு நாலு வருசமாச்சு. இப்போ மறுபடியும் படுது. இதோட உள்ள வரலாமா?" என்று கேட்டார். பரிசோதனைக்குச் சதை எடுத்து அனுப்பியிருந்தார்கள். புற்றுநோய் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை, "அதுவா இருக்குமோ?" என்று மட்டும் கேட்டார். இப்படிக் காத்திருக்கும் சகோதரிகளின் நாட்களைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறேன்.

மாதவிலக்கு நின்றபின் சிறிதளவு உதிரம் பட்டாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும். "உடம்புச் சூடு" என்று சொல்லி வெந்தயமும் மோரும் குடித்து மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது நம் கரிசல் காட்டில் சகஜம். ஆனால் உதிரப்போக்கெல்லாம் புற்றுநோயல்ல. நார்க்கட்டி, ஹார்மோன் கோளாறு, கர்ப்பப்பையின் உட்சவ்வு மெலிந்துபோதல் முதலியவையும் காரணமாகலாம். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்டார்கள். மாதவிலக்கு நின்றபின் உதிரம் பட்ட பெண்களில் நூற்றுக்கு 9 பேருக்கே உட்சவ்வுப் புற்றுநோய் இருந்தது. ஆனால் அந்த நோய் கண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 90 பேருக்கு உதிரம் பட்டிருந்தது. ஆகவே திகிலும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

முடிவு வர ஏன் தாமதம்? எடுத்த சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, முடியிலும் மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றிய பின்பே நுண்ணோக்கியில் பார்க்கமுடியும். இதற்குச் சில நாட்கள் செல்லும். நாளாவதால் கெட்ட செய்தி என்று எண்ணவேண்டியதில்லை. இவ்வாறு சதை எடுப்பதால் நோய் பரவிவிடும் என்ற பயமும் வேண்டாம்.

அந்நாட்களில் செய்யவேண்டியவை சில உண்டு. தினம் எத்தனை துணி அல்லது நாப்கின் மாற்றினோம் என்று காலண்டரில் குறிக்கவேண்டும். மணிக்கு ஒன்றாக இரண்டு மணி நேரம் முழுதும் நனைந்தாலும், மயக்கமோ மூச்சிரைப்போ வந்தாலும், முடிவுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும். மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு சாப்பிடக்கூடாது. முடிவு வாங்கும் நாளுக்கு ஒருவரைத் துணைக்கு முன்கூட்டியே கேட்டு வைக்கவேண்டும்.

தீப்பெட்டி ஆலையானாலும் காட்டு வேலையானாலும், ஒரு நாள் போனால் அன்றைய கூலி போயிற்று. அதனாலும் பயத்தாலும் முடிவை வாங்க வராமலே போய்விடுகிறவர்கள் உண்டு. நம் பாரம் இதுதான். ஏனெனில் காலத்தோடு கண்டால் உயிர் தப்பும். திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ மருத்துவ ஊழியம் இதற்குச் சாட்சி. அவர்களும் பங்கேற்ற ஆய்வில், 2000 முதல் 2003 வரை, நோய்க்குறி இல்லாத 30 முதல் 59 வயதுப் பெண்கள் 31,343 பேரைப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் பரிசோதித்தார்கள். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பதே முறை. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் நூற்றுக்கு 35 குறைந்ததாக 2007இல் அறிவித்தார்கள்.

நோய் உறுதியானால் சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். ஆனால் முடிவு வருமட்டும் ஆகும் பஸ் கட்டணத்துக்கும், இழந்த கூலிக்கும், துணைக்கு வருகிறவரின் சாப்பாட்டுக்கும் யார் கொடுப்பார்? அந்த இடத்தில்தான் உங்கள் காணிக்கை தேவைப்படுகிறது.

அந்த அம்மாவிடம் "ஒன்றும் இருக்காது" என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது. மாற்கு சுவிசேஷம் 5ஆம் அதிகாரத்திலுள்ள பெரும்பாடுள்ள ஸ்திரீயைப் பற்றிச் சொன்னேன். பன்னிரண்டு வருஷம் வருந்தி, ஆஸ்தியெல்லாம் செலவழித்து, கூட்டத்துக்குள் ஒளிந்து வந்தவள் அவள். யவீருவின் மகள் மரண அவஸ்தையிலிருந்த அவசரத்திலும் ஆண்டவர் அவளுக்காக நின்றார். அவளைத் தீட்டென்று தள்ளவில்லை, மகளே என்றழைத்தார். அதைக் கேட்டு அம்மா எழுந்து உள்ளே வந்தார்.

அவருக்கு வந்த முடிவு என்ன என்பதை இங்கே எழுதமாட்டேன், அது அவருடையது. குறித்த நாளில் மருமகளோடு வந்து அதை வாங்கிக்கொண்டார். இன்னும் காத்திருக்கிறவர்களுக்காக உங்கள் குடும்ப ஜெபத்தில் வேண்டிக்கொள்ளுங்கள்.

ஜெபத்துடன்,
மருத்துவமனைப் போதகர்