குறியும் ஏவலும்

ஒரு சொல் தான் குறிக்கும் பொருளை உணர்த்துவதும் உண்டு. தன்னையே உணர்த்துவதும் உண்டு. ‘யானை வந்தது’ என்னுமிடத்து, யானை என்னும் சொல் விலங்கினை உணர்த்துகிறது. ‘யானை என்பது ஈரெழுத்துச் சொல்’ என்னுமிடத்து, அது சொல்லாகிய தன்னையே உணர்த்துகிறது. இவ்விரண்டனையும் தொல்காப்பியனார் சொல்லதிகாரத்தில் பொருண்மை, சொன்மை எனப் பிரித்துரைத்தார். மக்கள் இவ்வேறுபாட்டை இடம் நோக்கி எளிதில் அறிவர். கணிப்பொறிக்கோ இதனை வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். அங்ஙனம் கூறும் முறையினை ஈண்டுக் காண்போம்.

கணிப்பொறியில் உரையை எழுதவும் திருத்தவும் உதவும் கருவி உரைத்தொகுப்பி எனப்படும். நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒரே திருத்தத்தைக் கையால் செய்தல் பெருந்துன்பம். ‘இதனைத் தேடுக, இதற்கு ஈடாக அதனை இடுக’ என ஒரு கட்டளை எழுதிவிட்டால், கருவியே அப்பணியை முடிக்கும். அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கென் தாம்சன் என்னும் அறிஞர், உரையினுள் வடிவங்களைத் தேடும் முறை ஒன்றை 1968ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார். 1969ஆம் ஆண்டில் ‘எட்’ என்னும் உரைத்தொகுப்பியையும் உருவாக்கினார். இன்றும் வழங்கும் கருவிகள் பல அதன் வழிவந்தவையே.

இம்முறையில், ஒரு சொல்லை மட்டுமன்றி, ஒரே வடிவில் அமைந்த பல சொற்களையும் ஒரு கட்டளையால் தேடலாம். இதன்பொருட்டுச் சில குறிகளுக்குத் தனி ஆற்றல் தரப்பட்டுள்ளது. புள்ளி (.) ‘ஏதேனும் ஓர் எழுத்து’ எனப் பொருள்படும். உடுக்குறி (*) ‘எனக்கு முன்னுள்ள எழுத்து எத்தனை முறை வரினும், வாராதொழியினும் கொள்க’ என ஏவும். சாய்வுக்கோடு (/) தேடும் சொல்லையும் இடும் சொல்லையும் பிரித்துக் காட்டும். இவற்றை ஏவற்குறிகள் எனலாம்.

இவ்வாற்றலே சிலபோது இடராகவும் முடியும். மருந்துப் பட்டியல் ஒன்றில் 2.5 என்னும் அளவை 5 என மாற்றவேண்டும் என்று கொள்வோம். 2.5 என்றே எழுதித் தேடச் சொன்னால், நடுவிலுள்ள புள்ளி ‘ஏதேனும் ஓர் எழுத்து’ என்றாகிவிடும். அப்போது 205, 215, 225 ஆகிய எண்களும் அவ்வடிவில் அடங்கும்; அவையும் 5 ஆகிவிடும். 225 மில்லிகிராம் கொடுக்கவேண்டிய நோயாளிக்கு 5 மில்லிகிராம் கொடுக்குமாறு பட்டியல் கூறும். கருவியோ பிழை நேர்ந்ததென்று எச்சரிக்காது. தனக்கு இட்ட ஏவலை அது வழுவாது செய்தது அன்றோ? ஓசையின்றி நேரும் இத்தகைய பிழையே மிகக் கொடியது.

இவ்விடரைத் தீர்ப்பது பின்சாய்வுக்கோடு (\). ஏவற்குறியின் முன்னே இதனை இட்டால், அக்குறி ஏவலை விடுத்துத் தன்னையே உணர்த்தும். க என்னும் எழுத்தின் தலையில் புள்ளியிட்டால், அதிலுள்ள அகர ஒலி நீங்கி மெய்யொலி மட்டும் நிற்பதைப் போன்றது இது. 2\.5 என்று எழுதினால் புள்ளி வெறும் புள்ளியேயாகும்; 225 தீண்டப்படாது நிற்கும். சாய்வுக்கோட்டையே தேட \/ என்றும், பின்சாய்வுக்கோட்டையே தேட \\ என்றும் எழுதுதல் வேண்டும். இதனைக் குறியை விடுவித்தல் என்பர்.

ஆயினும், எல்லாக் குறிகளின் முன்னும் இதனை இட்டுவைத்தல் காப்பாகாது. எட் வழிவந்த கருவிகள் பலவற்றில் பிறையடைப்பு தனித்து நின்றால் தன்னையே உணர்த்தும். பின்சாய்வுக்கோடு பெற்றால், வடிவின் ஒரு பகுதியைத் தொகுக்கும் ஏவலாக மாறும். ஆதலின், எக்குறி எவ்விடத்து ஏவற்குறி என்று அறிந்தே இடுதல் வேண்டும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. ஒரு கட்டளையைச் சிலபோது ஒருவர்பின் ஒருவராக இருவர் படிப்பர். 1991ஆம் ஆண்டில் வெளிவந்த ‘விம்’ என்னும் உரைத்தொகுப்பியில், தேடும் வடிவத்தை இரட்டை மேற்கோளுள் எழுதினால், அம்மேற்கோளைப் படிக்கும் பகுதி முதலில் ஒரு பின்சாய்வுக்கோட்டை நீக்கிவிடும். எஞ்சியதே தேடும் பகுதியைச் சென்றடையும். ஆகவே அங்கு 2\\.5 என்று எழுதினால்தான் 2\.5 என்று போய்ச் சேரும். ஒரு பின்சாய்வுக்கோட்டைத் தேடுவதற்கோ நான்கு கோடுகள் வேண்டும். ஒற்றை மேற்கோளுள் எழுதினால் இவ்விழப்பு நேராது. எத்தனை பேர் படிப்பர், ஒவ்வொருவரும் எதனை நீக்குவர் என்று எண்ணிப் பார்ப்பதே இதற்கு வழி.

பிறர் எழுதித் தரும் சொற்களைக் கட்டளையுள் சேர்க்குங்கால் விழிப்பு இன்னும் மிகுதியாக வேண்டும். அவர்கள் வாளா இட்ட குறியும் ஏவலாகிவிடும்; தீயவர் வேண்டுமென்றே இட்ட குறி பெருங்கேடு விளைக்கும். அத்தகைய சொற்களை விடுவித்த பின்னரே சேர்த்தல் முறை.

மாற்றுமுன் மூலத்தின் படியொன்றை வைத்துக்கொள்க. முதலில் தேடுக, அகப்பட்டவற்றைக் கண்ணால் காண்க, பின்னரே மாற்றுக. நம் கருத்தை ஊகித்து அறியும் நண்பனுக்குக் குறைவாகச் சொன்னாலும் போதும். சொன்னதை மட்டும் செய்யும் ஏவலனுக்கு, எது ஏவல், எது வெறுஞ்சொல் என்பதையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும். அவன் செயலால் விளையும் நன்மை தீமைகளுக்கு ஏவியவரே பொறுப்பாவர்.