இருதய நோயுள்ள குழந்தைக்குப் பல்லும் முக்கியம்

"பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று பெற்றோர் பலர் சொத்தைப் பல்லை அலட்சியம் செய்வதுண்டு. இருதயக் கோளாறுள்ள குழந்தைக்கு இது ஆபத்தாகலாம். சொத்தைப் பல், வீங்கிய ஈறு ஆகியவற்றின் வழியாகக் கிருமிகள் இரத்தத்தில் கலந்து, பழுதுள்ள வால்வில் தங்கி அதை அரித்துவிடக்கூடும். இதற்கு எண்டோகார்டைட்டிஸ் என்று பெயர்.

அந்தமானிலிருந்து இருதய ஆபரேஷனுக்காகக் குழந்தையைச் சென்னைக்கு அழைத்துச் செல்லும் குடும்பங்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பல்லில் சீழ் இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிவைக்க நேரிடும். கப்பலில் சுமார் மூன்று நாள் பயணம் செய்து போய், லாட்ஜில் காத்துக் கிடப்பது யாருக்குக் கட்டுபடியாகும்? புறப்படுமுன், 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரில் உள்ள கோவிந்த வல்லப பந்த் ஆஸ்பத்திரியில் பல்லைக் காட்டிவிடுவது நல்லது.

பல் பிடுங்குவதற்கு முன் டாக்டரிடம் இருதய நோயைச் சொல்லிவிட வேண்டும். 2007-ல் அமெரிக்க இருதயச் சங்கம் வெளியிட்ட வழிமுறைப்படி, அபாயம் மிகுந்தவர்களுக்கு மட்டுமே முன்கூட்டி ஆன்டிபயாடிக் தரப்படுகிறது. கடையில் தாமே வாங்கிக் கொடுக்கக் கூடாது.

காலையும் இரவும் ஃபுளோரைடு பேஸ்ட்டால் பல் துலக்குவதே முதல் காவல். இனிப்பான சிரப் குடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். காரணமின்றிக் காய்ச்சல் நீடித்தால் உடனே டாக்டரைப் பார்ப்பது அவசியம்.