உங்களுக்குத் தெரியுமா? மிஷின் ஒன்று, வேலை பல

கல்லூரி வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை. மிஷின் ஒன்றுதான். ஒருவருக்கு 20 நிமிட வேலை, அடுத்தவருக்கு 5, கடைசியில் நிற்பவருக்கு 2. யாரை முதலில் விட்டாலும் மிஷின் ஓய்வது 27-ஆவது நிமிடத்தில்தான். ஆனால் பெரிய வேலையில் தொடங்கினால், தன் வேலை முடியும் வரை ஆளுக்குச் சராசரியாக 24 நிமிடம் காத்திருப்பு. சின்னதில் தொடங்கினால் 12. சரிபாதி! ‘சின்ன வேலை முதலில்’ என்ற விதி சராசரியை எப்போதும் குறைக்கும் என்பதை 1956-ல் டபிள்யூ. ஈ. ஸ்மித் நிரூபித்துவிட்டார். 20 நிமிடக்காரரைச் சமாதானப்படுத்துவது கடைக்காரர் பாடு.

விதி இல்லாமல் எல்லா வரிசையையும் சோதித்துப் பார்க்க முடியுமா? பத்து வேலைகளை 36,28,800 விதமாக வரிசைப்படுத்தலாம். இருபது என்றால் சுமார் 24,300 கோடி கோடி!

நடுவில் மிஷினைச் சர்வீஸுக்கு நிறுத்த வேண்டும் என்றால் ஸ்மித்தின் விதி தடுமாறும். 3, 4, 6 மணி நேர வேலைகள். 10-ஆவது மணியில் ஒரு மணி நேரம் சர்வீஸ். சின்னதிலிருந்து போனால் 7 மணிக்கு இரண்டு முடியும். மிச்சமுள்ள 3 மணியில் பெரியது அடங்காது, மிஷின் சும்மா கிடக்கும், எல்லாம் முடிய 17 மணி ஆகும். 4, 6 இரண்டையும் முன்னால் தள்ளினால் 14-லேயே கடையைக் கட்டலாம். காத்திருப்புக் கணக்கிலும் பழைய விதி சில சமயம் சறுக்கும். ஆனால் அந்தச் சறுக்கல் ஆகச்சிறந்த வரிசையைவிட 2/7 பங்குக்கு மேல் போகாது என்று 1992-ல் லீ, லிமான் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

சர்வீஸ் நேரத்தை நாமே தீர்மானிக்கலாம் என்றால்? லேத் பட்டறையில் நின்றிருக்கிறீர்களா? டூல் மழுங்கினால் முதலில் காது கண்டுபிடிக்கும். கிறீச்சென்று சத்தம், இரும்புச் சுருள் நீலம் பாய்ந்து விழும். பத்து நிமிட வேலை பதினைந்து இழுக்கும். கழற்றிச் சாணை பிடிக்கப் பத்து நிமிடம் ஆகும் என்று வையுங்கள். இன்னும் மூன்று வேலை இருந்தால் மிச்சம் 15 நிமிடம், தாராளமாக நிறுத்தலாம். ஒன்றுதான் பாக்கி என்றால் மிச்சம் வெறும் 5. அப்படியே ஓட்டி முடிப்பதே லாபம். பட்டறைக்காரர் மனக்கணக்காகப் போடும் இதைத்தான் 2001-ல் லீ, லியோன் இருவரும் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள்.

டூல் எத்தனை நிமிடத்தில் மழுங்கும் என்பதற்குச் சூத்திரம் தந்தவர் அமெரிக்கப் பொறியாளர் எஃப். டபிள்யூ. டெய்லர். 26 ஆண்டு சோதனை, 8 லட்சம் பவுண்டு இரும்பும் உருக்கும் சுருளாகிப் போயின. 1906-ல் முடிவை வெளியிட்டார்.

மிஷின் மட்டுமல்ல, வேலையும் காத்திருந்தால் கெடும். உருட்டாலைக்குப் போக வேண்டிய உருக்குக் கட்டி ஆறிப்போனால் மறுபடி சூடேற்ற வேண்டும். தாமதத்துக்கு வட்டி! இதில் ஒரு வேடிக்கை. 1 மணிக்குத் தொடங்குகிறோம். ஒரு வேலை, தொடங்கும்போது மணி எத்தனையோ அத்தனை மணி நேரம் பிடிக்கும். மற்றது, தான் தொடங்கும் மணியைப் போல இரு மடங்கு. முதலாவதை முன்னால் போட்டால் 1, 2, 6. பின்னால் போட்டால் 1, 3, 6. எப்படிப் புரட்டினாலும் முடிவது 6-இல்தான். கூர் மோஷெயோவ் 1994-ல் ஆராய்ந்த கணக்கு இது. கூட்டு வட்டி போலப் பெருக்கல் கணக்கு என்பதால் வரிசை எடுபடுவதில்லை.

சர்வீஸ் அடிக்கடி செய்தால் நல்லதுதானே? இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் 50 மணி நேரப் பறத்தலுக்கு ஒரு முறை விமானத்தைப் பிரித்துச் சோதித்தார்கள். பதிவேடுகளைப் புரட்டிய சி. எச். வாடிங்டன் கண்டது: பழுதுகள் சோதனை முடிந்த கையோடுதான் அதிகம், பறக்கப் பறக்கக் குறைந்தன. நன்றாக ஓடியதைக் கழற்றி மாட்டியதே வினை! இதைக் கண்டுபிடித்தவர் பொறியாளர் அல்ல, உயிரியலாளர். போர் முடிந்த கையோடு அவர் எழுதிய புத்தகம் 1973-ல்தான் அச்சேறியது.