காதற் புதினமும் தோழி நிலையும்

ஓர் இலக்கிய வகையைப் பல்லாயிரவர் விரும்பிப் படிக்கின்றனர் என்பது அதன் உயர்வுக்குச் சான்றாகாது, தாழ்வுக்கும் சான்றாகாது. ஆயினும், அவ்விருப்பம் எதனால் எழுகின்றது என வினவுதல் இலக்கிய ஆராய்ச்சியின் கடமைகளுள் ஒன்றாகும். இக்கால வாழ்வைக் களமாகக் கொண்டு, எளிய நடையில், இன்ப முடிவுடன் எழுதப்படும் காதற் புதினங்களைத் தமிழறிஞர் பெரும்பாலும் ஆராயாது ஒதுக்கினர். மக்களோ அவற்றை வார இதழ்களிலும் வாடகை நூல்நிலையங்களிலும் தேடிப் படித்தனர். ரமணிசந்திரன் இவ்வகையில் எழுதிய புதினங்கள் நூற்றுக்கு மேற்பட்டன. பொதுமக்கள் விரும்பிப் படிக்கும் தமிழ்க் கதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சென்னையில் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பிலும் அவர் கதை ஒன்று இடம்பெற்றது. இத்தகைய புதினத்தின் ஈர்ப்பு யாதென்பதை அகப்பொருள் மரபின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முடிவு அறிந்த கதை

இப்புதினங்களின்மீது சுமத்தப்படும் முதற்குற்றம், அவற்றின் முடிவு தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகின்றது என்பதாகும். அது மெய்யே. பமீலா ரீஜிஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் காதற் புதினத்திற்கு எட்டு உறுப்புகளை வகுத்துள்ளார். காதலர் வாழும் சமுதாயத்தின் நிலை, அவர்தம் சந்திப்பு, இடைநிற்கும் தடை, ஈர்ப்பு, காதலை வெளியிடுதல், இனிச் சேர்தல் அரிது எனத் தோன்றும் நிலை, தடை நீங்க உண்மை தெளிதல், மணவுறுதி என்பன அவை. 1813ஆம் ஆண்டு வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ என்னும் புதினத்தில் இவை அனைத்தையும் காணலாம். பிற்காலத்து எளிய புதினங்களும் இக்கட்டமைப்பையே மேற்கொண்டன.

இலண்டனில் 1908ஆம் ஆண்டு ஜெரால்டு மில்ஸ், சார்லஸ் பூன் ஆகிய இருவர் தொடங்கிய பதிப்பகம் முதலில் பலவகை நூல்களையும் வெளியிட்டது. 1930களில் காதற் புதினத்தையே தன் துறையாக்கிக் கொண்டது. பின்னர், படிப்போர் ஆசிரியர் பெயரை நோக்காது ‘மில்ஸ் அண்ட் பூன்’ என்னும் பதிப்பகப் பெயரையே சொல்லி நூல் கேட்கும் நிலை உண்டாயிற்று. அப்பெயர் இன்ப முடிவுக்கு அளிக்கப்பட்ட உறுதிமொழியாக விளங்கியதே அதற்குக் காரணம் எனலாம்.

ஜானிஸ் ராட்வே என்பார் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஓர் ஊரில், இப்புதினங்களை இடைவிடாது படிக்கும் மகளிரை ஆராய்ந்து 1984ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். ஊரின் உண்மைப் பெயரை மறைத்து ‘ஸ்மித்டன்’ எனப் புனைபெயர் இட்டார். அம்மகளிருள் சிலர், நூலை வாங்குமுன் அதன் இறுதிப் பக்கங்களைப் படித்து, முடிவு இன்பமானதே எனத் தெளிந்த பின்னரே வாங்கினர். எனவே, முடிவை அறியும் வேட்கை அவர்களைப் படிக்கத் தூண்டவில்லை என்பது தெளிவு. பின், அவர்களைத் தூண்டுவது யாது?

அறிந்தவள் ஒருத்தி

முடிவு அறிந்த காதலைச் சுவைத்தல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. அகத்திணையில் தலைவன் தலைவியர்க்கு இயற்பெயர் கூறும் வழக்கம் இல்லை. காட்சி முதலாகக் கற்பு ஈறாக ஒழுக்கத்தின் போக்கும் முன்னரே வரையறுக்கப்பட்டுள்ளது. நிகழ்ச்சி தெரிந்ததேயாயினும் அதனைக் கூறும் முறையிலும் கூறுவோரின் உள்ளத்திலும் சுவை பிறக்கின்றது. அவ்வாறு கூறுவோருள் தோழியின் நிலை ஈண்டுக் கருதத்தக்கது.

களவொழுக்கத்தில் தலைவியின் காதலைத் தாய் அறியாள். அதனைக் குறிப்பால் உணர்பவள் தோழி. இவ்வுணர்ச்சியை மதியுடம்படுதல் என்பர். குறையுற உணர்தல், முன்னுற உணர்தல், இருவரும் உள்வழி அவன்வர உணர்தல் என அதனை மூவகையாகத் தொல்காப்பியக் களவியல் காட்டும். தலைவன் குறையிரந்து நிற்றலாலும், தலைவியின் தோற்றத்திலும் செயலிலும் காணும் வேறுபாட்டாலும், தானும் தலைவியும் ஒருங்கிருக்கும்போது அவன் வந்து நிற்றலாலும் தோழி உண்மையைத் தெளிகின்றாள்.

காதற் புதினத்தைப் படிப்பவள் முதல் அத்தியாயத்திலேயே இத்தொழிலை மேற்கொள்கின்றாள். தலைவன் கடுஞ்சொல் கூறுகின்றான். ஆயினும் தலைவி மழையில் நனையாதிருக்க வண்டி அனுப்புகின்றான். தலைவி அவனை வெறுப்பதாகக் கூறுகின்றாள்; ஆயினும் பல காலடி ஓசைகளுள் அவன் காலடி ஓசையைப் பிரித்தறிகின்றாள். இத்தகைய சிறு குறிப்புகளை ஆசிரியர் வழிநெடுக வைத்துச் செல்கின்றார். படிப்பவள் அவற்றைத் தொகுத்து, ‘இவள் அவனை விரும்புகின்றாள்’ எனத் துணிகின்றாள். தோழி அறிந்தது தாய் அறியாதது. படிப்பவள் அறிந்ததோ தலைவியே அறியாதது.

காதலை அறிந்த தோழி வாளா இருப்பதில்லை. தலைவனை விரைந்து மணந்துகொள்ளத் தூண்டி வரைவு கடாவுகின்றாள். வேண்டுமிடத்துச் செவிலிக்கு அறத்தொடு நிற்கின்றாள். அவளுக்குப் பேசும் வாய்ப்பு உண்டு. புதினத்தைப் படிப்பவளுக்கு அது இல்லை. தான் அறிந்ததைத் தலைவிக்கு உரைக்க இயலாத பதைப்பே அவளை அடுத்த பக்கத்திற்கு ஈர்க்கின்றது. ஆகவே, இப்புதினத்தின் ஈர்ப்பு, படிப்பவளை வாய் பேசாத தோழியாக்கி வைப்பதிலேயே பெரிதும் அடங்கியுள்ளது என்பது எம் கருத்து.

மணத்தின் பின் களவு

தமிழ்ப் புதினங்களில் இக்கட்டமைப்பு ஒரு மாற்றம் பெற்றது. மேலைநாட்டுக் கதையில் மணம் பெரும்பாலும் இறுதியில் நிற்கும். ரமணிசந்திரன் போன்றோரின் கதைகள் பலவற்றில் மணம் முன்னரே நிகழ்ந்துவிடுகின்றது. குடும்ப நெருக்கடியாலோ பெரியோர் விருப்பத்தாலோ ஒருவரையொருவர் அறியாத இருவர் கணவனும் மனைவியும் ஆகின்றனர். காதல் அதன் பின்னரே அரும்புகின்றது. மனைவியே கணவனை உள்ளத்தில் மறைவாக விரும்புகின்றாள், கணவனும் அவ்வாறே. ஊரறிய மணந்தவர் ஒருவர்க்கொருவர் மறைத்துக் காதலிக்கும் இந்நிலையைக் கற்பினுள் நிகழும் களவு எனலாம். பெற்றோர் பார்த்து முடிக்கும் மணமே பெருவழக்காக உள்ள சமுதாயத்தில், அம்மணத்திலும் காதல் மலரக்கூடும் என்னும் நம்பிக்கையை இக்கதைகள் அளிக்கின்றன. தமிழ் மகளிர் இவற்றை நாடியமைக்கு இஃது ஒரு வலிய காரணமாதல் கூடும்.

பிறிதொன்றும் உண்டு. ஸ்மித்டன் மகளிர், படிக்கும் நேரத்தைத் தமக்கே உரிய நேரமாகக் கருதினர் என ராட்வே கண்டார். கணவர்க்கும் மக்கட்கும் நாள்முழுதும் பணிபுரிவோர், தம் நலத்தைப் பிறர் பேணும் இன்பத்தைத் தலைவியின் வாயிலாக நுகர்ந்தனர். பிறர் பசியறிந்து உணவிடும் ஒருத்தி, தன் பசியை ஒருவன் கேளாமலே அறியும் கதையைப் படித்து மகிழ்தல் வியப்பன்று.

இயற்பழித்தல் இன்மை

இனி, இவ்வகையின் குறையும் தோழியைக் கொண்டே அளக்கத்தக்கது. அகப்பாடல்களில் தோழி காதலரைக் கூட்டுவதோடு அமைவதில்லை. தலைவன் அன்பின்றி ஒழுகியவழி அவன் இயல்பைப் பழிக்கின்றாள். அதனை இயற்பழித்தல் என்பர். அதுகேட்டுப் பொறாத தலைவி அவனைப் புகழ்தல் இயற்பட மொழிதலாகும். கற்புக் காலத்தில் பரத்தையிற் பிரிந்து மீண்ட தலைவனுக்குத் தோழி வாயில் மறுத்தலும் உண்டு. அவள் அன்பு கண்மூடியதன்று.

எளிய காதற் புதினம் பெரும்பாலும் இவ்விரண்டாம் பணியைப் படிப்பவளுக்கு அளிப்பதில்லை. தலைவன் ஐயுறுகின்றான், இழித்துரைக்கின்றான், சில கதைகளில் வன்மையாகவும் நடக்கின்றான். அவை யாவும் மறைந்த காதலின் அடையாளங்களே என இறுதியில் விளக்கப்படுகின்றன. படிப்பவளோ அவ்விளக்கம் வருமுன்பே அவனை மன்னித்துவிடுகின்றாள். ஆடவனின் கடுமையை அன்பாகப் பொருள்கொள்ளும் இப்பயிற்சி, மகளிர் தம் நிலையை மாற்ற முயலாது அமைந்துவிடத் துணைசெய்யுமோ என்பது ராட்வேயின் கவலை. புதினத்தில் கடுஞ்சொல்லுக்குப் பின்னால் அன்பு இருத்தல் உறுதி. வாழ்வில் அவ்வுறுதி இல்லை.

ஆதலின், இப்புதினங்களை அளத்தற்கு உரிய வினா, ‘முடிவு புதியதா’ என்பதன்று. ‘படிப்பவளைத் தோழியாக்கிய ஆசிரியர், தோழிக்குரிய பழிக்கும் உரிமையையும் அவளுக்கு அளித்தாரா’ என்பதே. ஆஸ்டினின் தலைவி எலிசபெத், டார்சியின் முதல் மணவேண்டலை மறுத்து, அவன் செருக்கை முகத்தெதிரே இடித்துரைக்கின்றாள். அவனும் அதனால் திருந்துகின்றான். அதனாலேயே இறுதியில் அமையும் மணம் மதிப்புப் பெறுகின்றது. தமிழ்க் காதற் புதினங்களுள்ளும் தலைவி தன்மானத்தோடு எதிர்நின்று வினவும் கதைகள் உள. அவற்றை ஏனையவற்றினின்று பிரித்து, காலமுறைப்படி ஆராய்தல் வேண்டும். அவ்வாராய்ச்சிக்கு வேண்டிய அளவுகோல் நம் களவியலிலும் கற்பியலிலும் ஆயத்தமாக உள்ளது.