மருந்து மட்டும் போதாது, கூட்டத்தில் இடமும் வேண்டும்

எச்.ஐ.வி. சிகிச்சைக்கான பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் யாரெல்லாம் அமர வேண்டும்? டாக்டர், சுகாதார அதிகாரி, தொண்டூழியர் என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். அந்த மருந்தை அன்றாடம் உட்கொள்பவரை மட்டும் மறந்துவிடுவோம்.

மருந்து இருக்கிறது என்று டாக்டர் சொல்வார். அதை வாங்க மாதாமாதம் லீவு எடுத்தால் முதலாளி காரணம் கேட்கிறார் என்பதை நோயாளிதான் சொல்ல முடியும்.

1983-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் டென்வர் நகரில் கூடிய நோயாளிகள், முடிவெடுக்கும் ஒவ்வொரு நிலையிலும் தங்களுக்குப் பங்கு வேண்டும் என்று அறிவித்தார்கள். 1994 டிசம்பர் 1-ஆம் தேதி பாரிஸில் 42 நாடுகள் அந்தக் கொள்கையை ஏற்றுக் கையொப்பமிட்டன. அமெரிக்கா சட்டமே இயற்றியது. ரத்த சிகிச்சையின் வழி கிருமி தொற்றி, பள்ளிக்கூடத்திலும் ஒதுக்கப்பட்டு, 1990-இல் இறந்துபோன ரயன் ஒயிட் என்ற இளைஞரின் பெயரைத் தாங்கிய சட்டம் அது. அதன்படி, பெருநகரங்களின் திட்டமிடும் மன்றங்களில் 33 விழுக்காட்டுக்குக் குறையாத உறுப்பினர்கள், அந்தச் சேவையைப் பெறும் எச்.ஐ.வி. உள்ளவர்களாக இருக்க வேண்டும். நிதி பெறும் அமைப்புகளின் ஊழியர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். நல்ல ஏற்பாடு!

ஆனால், நாற்காலி போட்டுவிட்டால் வாய் திறந்துவிடுமா? கத்தை கத்தையாக வரவு செலவுத் தாள், புரியாத மருத்துவச் சொற்கள், எதிரே தமக்குச் சிகிச்சை தரும் டாக்டர். யாருக்குத்தான் தயக்கம் வராது? அதனால் கூட்டத்துக்கு முன்பே தாள்களை எளிய மொழியில் விளக்க வேண்டும். தனி ஆளாக உட்கார வைக்காமல் இரண்டு மூன்று பேராக அழைக்க வேண்டும். பஸ் கட்டணம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் செலவு இவற்றையும் கொடுத்துவிட வேண்டும். இவை சலுகை அல்ல, கூட்டச் செலவில் சேர்ந்தவை.

மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. சம்பவம் 1986-இல் பதிவானது. மலேசிய எய்ட்ஸ் மன்றம் 1992-இல் அமைந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் நம்மவர்களுக்குக் கிருமியைவிடப் பெரிய பயம், சொந்தக்காரர் காதுக்கு விஷயம் போய்விடுமோ என்பதுதான். தங்கையின் கல்யாணப் பேச்சு நின்றுவிடும் என்று அஞ்சுகிறவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் எப்படி வருவார்?

ஆகவே, நோய் விவரத்தை வெளியே சொல்வதா வேண்டாமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். கூட்டக் குறிப்பில் அது இடம்பெறக் கூடாது. வர முடியாதவரின் கருத்தை, அவர் நம்பும் ஒருவர் வழி கேட்டுப் பெறலாம். எதையும் படம் பிடிக்கத் துடிக்கும் தொழில் எங்களுடையது. இந்த ஓர் இடத்தில் மட்டும் எங்கள் கேமரா வாசலுக்கு வெளியே நிற்கட்டும்.