ஐயோனாவின் வெண்மணல்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில், மல் என்னும் பெருந்தீவின் காலடியில், ஐயோனா என்றொரு சிறு தீவு கிடக்கிறது. நீளம் மூன்று மைல்; அகலம் ஒரு மைலுக்குச் சற்று மேல். கி.பி. 563-இல் அயர்லாந்திலிருந்து கொலம்பா என்னும் துறவி பன்னிரு சீடர்களுடன் வந்திறங்கி மடம் நிறுவிய புண்ணிய க்ஷேத்திரம் அது. யாத்ரிகர்கள் மடாலயத்தைத் தரிசிக்கவே அங்கே செல்வார்கள். 1912-இல் முதன்முதலாகச் சென்ற பிரான்ஸிஸ் காடெல் என்ற ஓவியரும் மடாலயத்தைத் தீட்டாமலில்லை. எனினும் அவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது அதற்கு வடக்கே விரிந்து கிடந்த கடற்கரையே.

காடெல் 1883-இல் எடின்பரோவில் பிறந்தவர். பதினாறு வயதிலேயே பாரிஸுக்குச் சென்று சித்திரம் பயின்றவர். மியூனிக்கிலும் வாழ்ந்தவர், வெனிஸின் வெயிலையும் கண்டவர். அயல்நாட்டில் கற்றுத் திரும்பியோர் தாய்நாட்டைக் குறை கூறியே காலந் தள்ளுவதை நாம் எங்கும் காண்கிறோம். காடெல் அவ்வாறு செய்யவில்லை. பாரிஸில் பழகிய கண்ணைத் தம் நாட்டின் ஓரத்திலிருந்த ஒரு மணல் திட்டின்மேல் திருப்பினார்.

அம்மணல் கருங்கல் பொடியான மணலன்று. சங்கும் சிப்பியும் நொறுங்கிக் கரையொதுங்கிய தூள். பாலைப் போல் வெளுத்திருக்கும். ஆழமற்ற நீரினூடே அவ்வெண்மை ஊடுருவித் தெரிவதால், வெயில் பட்டதும் கடல் மரகதப் பச்சையாகிறது; சற்றுத் தொலைவில் நீலமாகிறது. ஒரு மைல் அகலமுள்ள ஜலசந்திக்கு அப்பால் மல் தீவின் சிவந்த பாறைகள் நிற்கின்றன. வடதேசத்துக் கடலில் இத்தனை வர்ணமா என்று நகரத்தார் ஐயுறலாம், ஓவியர் மிகைப்படுத்தவில்லை. இவ்வொளி மங்கலாகாது என்பதற்காக, எண்ணெயை உறிஞ்சும் வெண்பூச்சின்மேல் தீட்டி, வார்னிஷ் பூசவே கூடாது என்று படங்களின் பின்புறத்தில் தம் கையாலேயே எழுதி வைத்தார்.

முதல் மகாயுத்தம் அவரையும் விட்டுவைக்கவில்லை. சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து பிரான்ஸின் போர்க்களத்தைக் கண்டார். மீண்டதும் அவர் நாடிய இடம் மறுபடியும் ஐயோனாவே. ஏறக்குறைய ஒவ்வொரு கோடையும் அங்கே சென்றார். 1920-இல் தம்மினும் மூத்த நண்பரான பெப்ளோவையும் உடன் அழைத்துச் சென்றார். இருவரும் ஒரே கரையைத் தீட்டினர். காடெல் விரும்பியது தெளிந்த வானம். பெப்ளோ விரும்பியதோ மேகமும் காற்றும் மோதும் நாள். ஒரே மணல் இரு கைகளில் இரு வேறு உலகமாயிற்று.

நாட்டில் ஆயிரம் துயரங்களிருக்க, மணலைத் தீட்டுவது ஒரு தொண்டா என்று நம் நண்பர்களிற் சிலர் கேட்கக்கூடும். அக்கேள்வியை நாம் தள்ளிவிடவில்லை. அப்படங்கள் பலவற்றில் மனிதரே இல்லை. ஆனால் அத்தீவின் தனிமை இயற்கை மட்டுமே தந்ததன்று. 1846-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் வந்தபோது தீவினர் பலர் கடல் கடந்து போயினர். நிலமோ 1979 வரையில் ஆர்கைல் பிரபு குடும்பத்தின் உடைமை. இவ்வரலாறு காடெலின் வர்ணங்களில் இல்லை. அதற்காக அவரைக் குற்றஞ் சாட்டுவது நியாயமாகாது. தம் கண் கண்டதைப் பொய்யின்றித் தீட்டுவதே அவர் ஏற்ற வேலை. அதில் அவர் இருபதாண்டுக் காலம் தவறவில்லை. அக்கரையை விட்டுப் போனவர்கள் இழந்தது எத்தகைய நிலம் என்பதை அறிய விரும்புவோர் அப்படங்களையே பார்க்க வேண்டும்.

அவர் தேசம் அவருக்குச் செய்தது என்ன? நல்ல காலத்தில் கிளாஸ்கோக் கப்பல் முதலாளிகள் சிலர் அவருடைய ஐயோனாச் சித்திரங்களை வாங்கி ஆதரித்தனர். 1929-க்குப் பின் உலகெங்கும் வியாபாரம் படுத்தபோது அவ்வாதரவும் குன்றிற்று. எடின்பரோவில் 1920-இல் வாங்கிய வீட்டை விற்கும்படி ஆயிற்று. 1936-இல் ஸ்காட்லாந்தின் ராயல் அகாடமி அவரை அங்கத்தினராகத் தேர்ந்தது. மறு ஆண்டே, ஐம்பத்து நான்காம் வயதில், வறுமையில் இறந்தார். இன்று அவருடைய சித்திரங்கள் ஏலத்தில் லட்சக்கணக்கான பவுனுக்குப் போகின்றன. வார்னிஷ் பூசாதீர் என்று எழுதிய அந்தக் கைக்கு அதில் ஒரு காசும் சேர்ந்ததில்லை.