பெயிண்ட் உதிர்ந்த கிதார்

பருப்பு விலை, ஜி.எஸ்.டி. கணக்கு, தராசு முத்திரை என்று இவ்விதழில் எழுதி வந்தவன் இம்மாதம் கிதாரைப் பற்றி எழுதுகிறேனே என்று வாசகர்கள் திகைக்க வேண்டாம். விஷயம் சரக்கைப் பற்றியதுதான்.

பிளஸ் டூ தேர்வில் நல்ல மார்க் வாங்கினால் எலெக்ட்ரிக் கிதார் வாங்கித் தருகிறேன் என்று பேரனிடம் ஒருநாள் வாய்விட்டுவிட்டேன். பையன் மார்க் வாங்கிவிட்டான். மதுரையில் இசைக்கருவி விற்கும் கடை ஒன்றில், இந்தோனேசியாவில் செய்து இறக்குமதியான கிதார் ஒன்றை 21,000 ரூபாய்க்கு வாங்கினோம். இந்த வகையில் இது மலிவான விலை என்றார்கள். கடையில் தொங்கிய மாதிரிக் கிதாரை வாசித்துப் பார்த்துவிட்டு, "எனக்குச் சீல் பிரிக்காத பெட்டிதான் வேண்டும்" என்று பேரன் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினான். நம் கடைகளில் மேலே இருக்கும் பாக்கெட்டை விட்டுவிட்டு அடியில் இருப்பதை இழுக்கும் வாடிக்கையாளர்களை நாம் பார்த்ததில்லையா, அந்த ஜாதிதான்.

வீட்டில் பெட்டியைப் பிரித்த அரைமணி நேரத்தில் பையன் முகம் வாடிவிட்டது. கழுத்துக் கட்டை உடலோடு சேரும் இடத்தில் கடுகளவு பெயிண்ட் உதிர்ந்திருந்தது. அதை ஒட்டி மயிரிழை போல ஒரு விரிசல் கோடு. கழுத்தின் ஓரத்தில் உடலின் சிவப்பு வர்ணம் சிறிது வழிந்து காய்ந்திருந்தது. முன்பக்கத்து வெள்ளை பிளாஸ்டிக் தகட்டில் ஒரு கீறல். "தாத்தா, டேமேஜ் பீஸைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்றான். இரவு சாப்பிடவும் இல்லை.

மறுநாள் பெட்டியோடு நானும் போனேன். கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். வாடகைக் கடை, வேலைக்கு ஒரே ஒரு பையன். சத்தம் போடவில்லை. மேஜை விளக்கைப் போட்டுக் கிதாரைக் கவிழ்த்து வைத்தார். பின்பக்கத்தில் நான்கு திருகாணிகள். தந்திகளைத் தளர்த்தி ஆணிகளைக் கழற்றியதும் கழுத்து தனியாகக் கையோடு வந்துவிட்டது. எனக்குப் பகீரென்றது. "பயப்படாதீங்க அண்ணாச்சி, இதைச் செய்கிற விதமே இப்படித்தான்" என்றார்.

அவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் என்று ஒருவர் இருந்தார். ரேடியோ ரிப்பேர் கடை நடத்தியவர்; கிதார் வாசிக்கவும் தெரியாதவர். 1950-ஆம் ஆண்டு வாக்கில் அவர்தான் உள்ளே பொள்ளல் இல்லாத கட்டையில் உடலைத் தனியாகவும் கழுத்தைத் தனியாகவும் செய்து திருகாணியில் பூட்டி எலெக்ட்ரிக் கிதாரைப் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆசாரி ஒருவர் உட்கார்ந்து இழைத்த வேலை தொழிற்சாலை வேலையாயிற்று. பிற்பாடு ஜப்பான்காரர்கள் அதைப் பார்த்துச் செய்து மலிவாக விற்கத் தொடங்கவே, அந்தக் கம்பெனியே 1982-இல் ஸ்கொயர் என்ற பெயரில் ஜப்பானிலேயே மலிவுச் சரக்குச் செய்து இறக்கியது. அப்புறம் கொரியா, சீனா, இந்தோனேசியா என்று கூலி குறைந்த இடமாக உற்பத்தி நகர்ந்தது. (பேரன் வாங்கியது வேறு கம்பெனி. பெயர் எழுதுவதாக இல்லை.)

இப்படிப் பூட்டும்போது கழுத்து உட்காரும் குழி இறுக்கமாக இருக்க வேண்டும். அந்தக் குழியின் விளிம்பிலும் கெட்டியான பெயிண்ட் இருக்கிறது. மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். காய்ந்த பெயிண்ட் அதோடு சேர்ந்து வளைந்து கொடுக்காது. ஆகவே அந்த மூலையில்தான் முதலில் கோடு விழும். குழிக்குள் விளக்கடித்துக் காட்டினார். மேலே தெரிந்த கோடு மரத்தில் இல்லை. நகத்தால் வருடிப் பார்த்தேன், கட்டை வழவழவென்று இருந்தது. "மரத்தில் கீறல் இருந்தால் நானே இதை விற்கமாட்டேன். இது சட்டையில் விழுந்த கிழிசல்" என்றார்.

அடுத்து மெட்டுகளைக் காட்டினார். நம் வீணையில் மெட்டை மெழுகில் பதிக்கிறார்கள்; கிதாரில் மரத்தில் வெட்டிய காடியில் உலோகக் கம்பியை அடித்து இறக்கிவிடுகிறார்கள். மரம் காய்ந்து சுருங்கினால் கம்பி சுருங்காது, முனை வெளியே நீட்டிக் கையைக் குத்தும். மதுரை வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். அரத்தால் ராவிவிட்டால் சரியாகிவிடும். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தாலோ, ஒரு மெட்டு மட்டும் உயர்ந்து நின்று தந்தி அதில் இடித்துக் கரகரத்தாலோ, கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி திருகினால் அசையாமல் இருந்தாலோ, அதுதான் பழுது. பன்னிரண்டாவது மெட்டில் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் நாதமும் அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் நாதமும் ஒத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஒவ்வொரு தந்தியாகச் செய்து காட்டினார். பேரனுக்குப் பாதி கோபம் அப்போதே போய்விட்டது.

இருந்தாலும் மாற்றித் தரக் கேட்டான். கடைக்காரர் மறுக்காமல் இருப்பிலிருந்த இன்னொரு பெட்டியைப் பிரித்தார். பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு புள்ளி குறை இல்லை. வாசித்தால் ஏழாவது மெட்டில் கரகரவென்றது. பையன் இரண்டையும் மடியில் மாற்றி மாற்றி வைத்து ஒரு மணி நேரம் வாசித்தான். கடைசியில் பெயிண்ட் போனதையே எடுத்துக்கொண்டான். கடைக்காரர் தாமாகவே 1,500 ரூபாய் திருப்பித் தந்து பில்லிலும் எழுதிக் கொடுத்தார். "மொத்தக்காரர் உங்களுக்கு இதை ஈடு செய்வாரா?" என்று கேட்டேன். சத்தத்தில் குறை இருந்தால் எடுத்துக்கொள்வார், பெயிண்ட் குறைக்கு எடுக்கமாட்டார் என்றார். அதாவது நஷ்டம் அவர் தலையில்.

இந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. மொத்தக்காரன் என்ற முறையில் இதே வார்த்தையை நான் சொல்லியிருக்கிறேன். 1991-இல் 15 கிலோ வனஸ்பதி டின் ஒரு லோடு வந்தது. லாரியில் நசுங்கி ஒருபக்கம் சப்பையான டின்கள் அதில் இருபதுக்கு மேல் இருந்தன. மேலூர்ப் பக்கத்துச் சிறு கடைக்காரர் ஒருவருக்கு அனுப்பியதில் ஆறு டின் அப்படிப் போய்விட்டது. போய்விட்டது என்றா சொன்னேன், நான்தான் அனுப்பச் சொன்னேன். அவர் பஸ்ஸில் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "டின்னையா தின்னப் போகிறார்கள்? உள்ளே சரக்கு சுத்தம்தானே" என்று பேசித் திருப்பி அனுப்பினேன். சரக்கு சுத்தம்தான், ஒரு பொட்டு ஒழுகவில்லை. ஆனால் நசுங்கிய டின்னைக் கடை வாசலில் வைத்தால் எடுப்பவன் யார்? டின்னுக்குப் பத்து ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் அவர் வாங்கியிருப்பார். அதற்குப் பிறகு அவர் என் கடைப் பக்கம் வரவில்லை. பாக்கியை மட்டும் மணியார்டரில் பைசா குறையாமல் அனுப்பி முடித்தார்.

நம் சரக்குகளில் இதற்கெல்லாம் வழி இருக்கத்தான் செய்கிறது. முந்திரியில் முழுப்பருப்பு, பாதிப்பருப்பு, துண்டு என்று தனித்தனி விலை. துண்டு முந்திரி வாங்குகிறவர் பாயசத்தில் போடத் தெரிந்தே வாங்குகிறார். திருப்பூரில் செகண்ட்ஸ் பனியன் என்றே பெயர் சொல்லி விற்கிறார்கள். கிதார் செய்யும் கிப்ஸன் என்ற பழைய அமெரிக்கக் கம்பெனிகூட, பார்வைக்குக் குறையுள்ள கிதார்களின் தலைக்குப் பின்புறம் இரண்டாம் தரம் என்று முத்திரை குத்தி விலை குறைத்து விற்றது உண்டு.

இதற்கு நேர்மாறான வேடிக்கை ஒன்று. 1995-இல் மேற்சொன்ன பெண்டர் கம்பெனியே புதுக் கிதாரின் பெயிண்டைச் சுரண்டி, உலோகத்தை மங்கவைத்து, நாற்பது வருடம் அடிபட்டது போல ஆக்கி அதிக விலைக்கு விற்க ஆரம்பித்தது. இன்றும் அதற்குக் கிராக்கி இருக்கிறது. பழைய அரிசிக்குக் கூடுதல் விலை வைப்பவர்கள் நாம், சிரிப்பதற்கில்லை. என்றாலும் நம் அரிசியை நாம் சுரண்டுவதில்லை.

சட்டம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி, வாங்குபவர் சரக்கைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அந்தப் பிரிவு தரும் தர உறுதியைக் காட்டிப் பின்னால் கேட்க முடியாது. சீல் பிரிக்காத பெட்டிக்கு இது பொருந்தாது. உள்ளே இருப்பதை யார் பார்த்தார்கள்? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, பழுதுள்ள பொருளை பில்லில் கண்ட கெடுவுக்குள், கெடு எழுதாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பி எடுக்க மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. பில் தராததும் அதே கணக்கில்தான். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்துவிட்டு நிம்மதியாக இருக்கும் நம் அன்பர்கள் இதை ஒருமுறை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளவும்.

கிளம்பும்போது கடைக்காரர் பேரனிடம் ஒரு யோசனை சொன்னார். விரிசல் கோடு முடியும் இடத்தில் சிறு ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டி அதில் தேதி எழுதி வை. கோடு அதைத் தாண்டினால் எந்த நாளானாலும் எடுத்துக்கொண்டு வா என்றார். பையன் அப்படியே செய்தான். மாதம் ஆறு ஆகிறது, நடுவில் ஒரு கோடையும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் என் மூக்குக் கண்ணாடியை வாங்கிப் பூதக்கண்ணாடி போலப் பிடித்துக்கொண்டு பார்க்கிறான். கோடு ஒட்டுத்தாளைத் தாண்டவில்லை.